நாலாவது படி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு இந்த ஓரம் போதும். இங்க இருந்தாத்தான் டிரைவர் கை தெரியும். கை தெரியாத சீட்ல எனக்கு உக்கார வராது. இருபத்தொம்பது வருஷம் கவர்மெண்டு பஸ் ஓட்டினவன் நான். பேரு குருவையா. சாத்தூர். ரிட்டயர்டாகி அஞ்சு வருஷம் ஆச்சு, இப்ப ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுறேன். மூணரைக்கு வேன எடுக்கணும். இந்த பஸ்ஸ விட்டா முடியாது, அதான் ஓடி வந்து ஏறினேன்.

கோர்ட்டுக்குப் போயிட்டு வாறேன். அடிதடி கேஸ் எல்லாம் இல்ல. நுகர்வோர் கோர்ட்டு. டூர் காசு. காஷ்மீர் போறதுக்கு ரெண்டு பேருக்குக் கட்டினது, எண்பத்தாறாயிரம். நான் போகல. போகாத ஆளுக்குக் காசத் திருப்பிக் குடுன்னு கேட்டேன். கேட்டது தப்பா? நீங்களே சொல்லுங்க. ஒரு ஹோட்டல்ல தோசை சொல்றீங்க, சாப்பிடாம எந்திரிச்சு வாறீங்க… சரி, அது வேற. அத விடுங்க.

ஏன் போகலைன்னு கேக்குறீங்க. எல்லாரும் அதத்தான் முதல்ல கேக்குறாங்க. பிளேன்ல ஏறல. அவ்வளவுதான். பயம்னு எழுதி வச்சுட்டாங்க. பயம் இல்ல அண்ணாச்சி. கொடைக்கானல் ரூட்டு எட்டு வருஷம் ஓட்டினவன். மூடுபனியில முன்னால போற வண்டியோட சிவப்பு லைட்டு மட்டும் தெரியும், அத வச்சே அறுபது பேரைக் கீழ கொண்டாந்து இறக்கியிருக்கேன். ஒரு ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. என்னைப் போய் பயம்னா?

பாருங்க, இந்தத் தம்பி வளைவுல வந்து கியர் மாத்துறான். முன்னாலயே மாத்தியிருக்கணும். சரி, ஓட்டட்டும்.

காஷ்மீர் என் ஆசை இல்ல. என் வீட்டுக்காரி ஆசை. சீனியம்மாள்னு பேரு. தையல் மிஷின் வச்சிருக்கா, பள்ளிக்கூட யூனிபாரம் தைப்பா. சாத்தூர் வெயில் உங்களுக்குத் தெரியும்ல, அந்த வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ உக்காந்து தச்சவளுக்குப் பனியப் பாக்கணும்னு ஒரு கிறுக்கு. கையில எடுத்துப் பாக்கணுமாம். ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கே, அது பத்தாதான்னு கேட்டேன். அது நாம செஞ்சது, தானா விழுந்து கிடக்கிறதப் பாக்கணும்னா.

அவளுக்கு நான் ஒரு குறையும் வச்சதில்ல. வெளிய கூட்டிட்டுப் போனதில்லைங்கிறத ஒரு குறையாச் சொல்லுவா. கொடைக்கானலுக்குக் கூட எட்டு வருஷத்துல ஒரு தடவை கூட்டிட்டுப் போகல. டூட்டியில போகும்போது குடும்பத்த ஏத்திட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. கண்ணாடியில அவ மூஞ்சி தெரிஞ்சா ரோட்டப் பாப்பேனா, அவளப் பாப்பேனா? ரிட்டயர்டு ஆகட்டும், போவோம்னு சொன்னேன். ரிட்டயர்டு ஆனேன். வேன் வந்துருச்சு. அப்புறம் ஒரு நாள் அவளே போய்ப் பணத்தக் கட்டிட்டு ரசீதோட வந்து நிக்கா.

ரயில்ல போவோம்னு சொன்னேன். மூணு நாள் போறதுக்கு, மூணு நாள் வாறதுக்கு, பள்ளிக்கூடத்துல அத்தனை நாள் லீவு குடுக்க மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்கன்னா. நான்தான் சொல்லியிருந்தேன்.

மதுரை ஏர்போர்ட்டு. காலையில ஒம்பது மணிக்குப் போயிட்டோம். எங்க கூட டூர்ல பதினெட்டு பேர். டூர் நடத்துற ஆள் ஜெபராஜ்னு, அவனும் கூட வாறான். எல்லாருக்கும் ஒரு மஞ்சத் தொப்பி. எனக்கும் குடுத்தான். போட்டுக்கிட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பெல்ட்டக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். கைய விரிக்கச் சொன்னாங்க, விரிச்சேன். உள்ள போய்க் கண்ணாடிப் பக்கம் உக்காந்தோம். வெளிய பிளேன் நிக்குது. அப்பதான் ஜெபராஜக் கூப்பிட்டு, “தம்பி, இதுக்கு யாரு டிரைவர்? ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமா?”ன்னு கேட்டேன்.

அவன் சிரிச்சான். “பைலட்ட எல்லாம் பாக்க முடியாதுங்கய்யா. கதவப் பூட்டிருவாங்க.”

“உள்ள போனாலும் பாக்க முடியாதா?”

“பாக்க முடியாது.”

அங்க பிடிச்சது அண்ணாச்சி. நம்ம பஸ்ல டிரைவர் பின்கழுத்தாவது தெரியும். தூங்கி வழியுறானா, போன் பேசுறானா, எல்லாம் தெரியும். இங்க ஒருத்தன் கதவப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருப்பான், அவன் ராத்திரி தூங்கினானா, வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தானா, ஒண்ணும் தெரியாது, நான் பின்னால பெல்ட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். இது பயமா? இது நியாயமான கேள்வி.

ஏணி வச்சிருந்தாங்க. பதினஞ்சு படி இருக்கும். சீனியம்மா முன்னால ஏறிட்டா. கையில ஒரு பை. திரும்பிக்கூடப் பாக்கல, குடுகுடுன்னு ஏறிட்டா. நான் நாலு படி ஏறினேன். எண்ணினேன், நாலு. அஞ்சாவதுக்குக் காலத் தூக்குறேன், வரல. சரி, இறங்கிருவோம்னு பாக்குறேன், அதுக்கும் வரல. ரெண்டு கையும் கம்பியப் பிடிச்சிருக்கு. நான் பிடிக்கல, அதுவாப் பிடிச்சிருக்கு. பிரேக் ஜாம் ஆன வண்டி மாதிரி. வேர்த்து ஊத்துது, காதுல ஒரு சத்தம், எதுத்தாப்புல நிக்கிற ஆள் வாய் அசையுது, என்ன சொல்றான்னு கேக்கல. பின்னால முப்பது பேர் வெயில்ல நிக்கிறாங்க. ஒரு கைக்குழந்தை அழுகுது. தொப்பி கீழ விழுந்துருச்சு, குனிஞ்சு எடுக்க முடியல.

மேல வாசல்ல சீனியம்மா திரும்பிப் பாத்தா.

“வாங்க”ன்னா.

“நீ இறங்கு”ன்னேன்.

“ஏறுங்க, எல்லாரும் நிக்காங்க.”

“சீனி, இறங்கிரு. வேணாம். வீட்டுக்குப் போயிருவோம்.”

அவ அங்கயே நின்னா. அப்புறம் அவ இறங்கி வந்தா. ஒவ்வொரு படியா, என் பக்கத்துல வந்துட்டா. எனக்கு உசுரு வந்துச்சு. இறங்கி வந்துட்டாளே, முப்பத்திமூணு வருஷம் குடும்பம் நடத்தினவள்ல, விட்டுட்டா போவான்னு நினைச்சேன். அவ என் மூஞ்சியக் கிட்டத்துல பாத்தா. “நெசமாவே வரலையா?”ன்னு மெதுவாக் கேட்டா. கோவமாக் கேட்டிருந்தாக்கூட ஏறியிருப்பேனோ என்னமோ. “முடியல”ன்னேன்.

“அப்ப சாவியக் குடுங்க”ன்னா.

பெட்டிச் சாவி. ரெண்டு பேர் துணிக்கும் சேத்து ஒரே பெட்டி, அவ பேர்ல போட்டிருந்தோம், அது பிளேனுக்குள்ள போயிருச்சு. சாவி என் சட்டைப் பையில. என் கை கம்பிய விட்டு வரல. அவளே பையில கைய விட்டு எடுத்துக்கிட்டா. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கன்னு சொன்னா. ஏறிப் போயிட்டா.

இதையெல்லாம் கேஸ்ல எழுதல. கேஸுக்கு இது தேவை இல்ல.

அப்புறம் ரெண்டு போலீஸ்காரங்க வந்து ஒவ்வொரு விரலா எடுத்து விட்டாங்க. நல்ல பிள்ளைங்க. ஒரு ரூம்ல உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாங்க. ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கல. படிச்சிருக்கணும். அந்தப் பேப்பர்தான் பின்னால என்னைக் கொன்னுச்சு.

ரூம் ஜன்னல்ல இருந்து பிளேனப் பாத்தேன். போச்சு. ஒழுங்காத்தான் போச்சு. அத நான் மறுக்கல.

பஸ் ஏறி சாயங்காலம் சாத்தூர் வந்துட்டேன். தெரு முழுக்கக் காஷ்மீர் போறோம்னு சொல்லி வச்சிருக்கோம். பக்கத்து வீட்டுல தங்கபுஷ்பம்னு ஒரு பொண்ணு. “என்னண்ணே, போகலையா? மதினி எங்க?”ன்னா. வயித்தால போகுது, அதான் திரும்பிட்டேன், அவ மட்டும் போயிருக்கான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? பாவம், அது நம்பிருச்சு. மூணு நாளு வேளை தவறாம மோரும் கஞ்சியும் கொண்டாந்து வாசல்ல வச்சுது. நல்ல வயித்த வச்சுக்கிட்டு மூணு நாள் மோர்க்கஞ்சி குடிச்சேன் அண்ணாச்சி. வெளிய போய் ஒரு புரோட்டா திங்க முடியல, பாத்துருவாங்க.

சீனியம்மா தினமும் போன் பண்ணுவா, மூஞ்சி தெரியிற மாதிரி. நாலாவது நாள் ஒரு கை நிறையப் பனிய அள்ளி போன் முன்னாடி காட்டினா. “தெரியுதா, தெரியுதா”ன்னு கத்துறா. மூக்கெல்லாம் சிவந்திருக்கு. என் ஸ்வெட்டரப் போட்டிருக்கா. எனக்குன்னு வாங்கினது, விலைச்சீட்டுக்கூட இன்னும் தொங்குது. சிரிக்கா. அவ பல்லு தெரியச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப வருஷம் இருக்கும். தெளிவாத் தெரிஞ்சுச்சு. “ஒண்ணும் தெரியல, டவர் இல்ல”ன்னு வச்சுட்டேன்.

வந்தா. பெட்டியத் திறந்து, என் துணியெல்லாம் தேச்சது தேச்சபடியே இருந்துச்சு, எடுத்து பீரோவுல வச்சா. எனக்குன்னு ஒரு சால்வை வாங்கிட்டு வந்திருந்தா. எவ்வளவுன்னு கேட்டேன். அடுப்படிக்குப் போயிட்டா. அந்த ஏணியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேட்டாத்தான நான் விளக்கம் சொல்ல முடியும்?

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, என் பங்கு நாப்பத்துமூவாயிரத்தை வாங்கிருவோம்னு. வாங்கி அவ கையில குடுத்துட்டா விஷயம் முடிஞ்சுரும்ல? காசு அவ காசுதான், யூனிபாரம் தச்ச காசு. ஆனா நஷ்டம் எனக்குத்தான?

ஜெபராஜ்கிட்டப் போனேன். “ஐயா, நீங்க வந்து ஏறல. ரூம் போட்டாச்சு, வண்டி பேசியாச்சு, ஏறாத ஆளுக்குக் காசு வராது”ன்னான். இன்சூரன்ஸ் இருக்கே, ஆளுக்கு எழுநூறு கட்டியிருக்கேனேன்னேன். “உடம்புக்கு முடியலைன்னா குடுப்பாங்க. காய்ச்சல்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க”ன்னான். பொய் சர்டிபிகேட் என்னால முடியாது. அதுக்கும் மேல, ஏர்போர்ட்டுப் பேப்பர்ல எழுதியிருக்கானே, ‘பயணி அச்சத்தின் காரணமாக ஏற மறுத்தார்’னு. கீழ என் கையெழுத்து. மறுக்கல அண்ணாச்சி நான். மறுக்கவே இல்ல. கால் வரல.

அப்ப அந்த அச்சத்துக்கு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வேணும்னு இன்சூரன்ஸ்ல சொல்லிட்டாங்க. விருதுநகர்ல ஒரு டாக்டரம்மா, மனசுக்குப் பாக்குறவங்க. வெளிய பேர்ப் பலகையப் பாத்துட்டு, தெரிஞ்சவங்க யாரும் வாறாங்களான்னு பாத்துட்டு, துண்டத் தலையில போட்டுக்கிட்டுப் போனேன். அந்தம்மா பொறுமையாக் கேட்டாங்க.

“அந்த நேரம் பயமா இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“மூச்சு முட்டுச்சா? வேர்த்துச்சா?”

“வேர்த்துச்சு. வெயில்.”

“செத்துப் போயிருவோமோன்னு தோணுச்சா?”

“தோணலம்மா. கை மட்டும் வரல.”

பேனாவக் கீழ வச்சுட்டாங்க. “ஐயா, பயமே இல்லைன்னு நீங்க சொன்னா நான் என்னத்த எழுதுறது? இது நிறைய பேருக்கு இருக்கிறதுதான். சொல்றதுல ஒரு வெக்கமும் இல்ல”ன்னாங்க. வெக்கம் இல்லம்மா, நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுறேன், இருபத்திரெண்டு பிள்ளைங்க, நாளைக்கு இந்தக் காயிதம் அங்க போச்சுன்னா என்னை ஏத்துவாங்களான்னேன். விமானத்துக்கு மட்டும்னு எழுதுறேன்னாங்க. எழுதுங்கன்னேன். “அப்ப பயம் இருந்துச்சுன்னு எழுதவா?” நான் தலைய ஆட்டினேன். வாயால சொல்லல. தலைய ஆட்டினேன்.

அத அனுப்பினேன். இன்சூரன்ஸ்காரன் பதில் போட்டான், மனசு சம்பந்தப்பட்ட நோய்க்குப் பணம் கிடையாதுன்னு. இத்தனை நாள் நோய்னு நிரூபிக்கச் சொன்னவன், நிரூபிச்சதும் இந்த நோய் ஆகாதுங்கிறான். ஜெபராஜ்கிட்டக் கேட்டா, இப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்ங்கிறான். எனக்கே தெரியாதே அண்ணாச்சி! அறுபத்திமூணு வயசுல முதல் தடவை பிளேன் ஏறப் போறவனுக்கு, கால் ஏறாதுன்னு எப்படி முன்னாடியே தெரியும்? இதுக்கு யாராவது பதில் சொன்னாங்களா?

அதான் கேஸ் போட்டேன். வக்கீல் இல்ல, நானே. ரசீது ரெண்டு பேர் பேர்ல இருக்கு, வீட்டுக்காரியும் கையெழுத்துப் போடணும்னாங்க. மனுவப் படிச்சுப் பாத்தா சீனியம்மா. ‘எங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு’ன்னு எழுதியிருந்தேன். “எனக்கு என்ன உளைச்சல்? நல்லாத்தான பாத்துக்கிட்டாங்க”ன்னா. அது சும்மா சட்டத்துக்கு எழுதுறதுன்னேன். ‘எங்களுக்கு’ங்கிறத அடிச்சு ‘எனக்கு’ன்னு திருத்தினாத்தான் கையெழுத்துன்னுட்டா. திருத்தினேன். அப்புறம் போட்டா.

போன மாசம் விசாரணை. கோர்ட்டுத் தலைவர் ஒரு அம்மா. ஜெபராஜோட வக்கீல் ஒரு காயிதத்த எடுத்து வாசிச்சாரு. டூர் முடியிற அன்னிக்கு எல்லார்கிட்டயும் எழுதி வாங்குவாங்களாம். “ஏழு நாளும் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். சாப்பாட்டில் காரம் கம்மி. மற்றபடி ஒரு குறையும் இல்லை. கு. சீனியம்மாள்.” அதுலயும் என் இனிஷியலத்தான் போட்டிருக்கா. கோர்ட்டுல இருபது பேர் இருக்காங்க. சத்தமா வாசிக்காரு மனுஷன். ஒரு குறையும் இல்லைன்னு.

தலைவரம்மா என்னைப் பாத்து, “ஐயா, ஏஜென்சி உங்களை ஏற வேண்டாம்னு சொன்னாங்களா?”ன்னாங்க. இல்லம்மான்னேன். “பிளேன் லேட்டா?” இல்லம்மா. “அப்ப அவங்க மேல என்ன குறை?” எழுதி வச்சிருந்தேன் ரெண்டு பக்கம், டிரைவரக் காட்டாததப் பத்தி. அத எடுக்கல. “கம்பிய விட்டுக் கை வரலம்மா”ன்னு மட்டும் சொன்னேன். “உக்காருங்க ஐயா”ன்னாங்க. அவ்வளவு மரியாதையாச் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

இன்னிக்குத் தீர்ப்பு. பயணம் பண்ணாத ஆளுக்கு டிக்கெட்டுல இருக்கிற ஏர்போர்ட்டு வரி மட்டும் திரும்ப வருமாம். அத ஜெபராஜ் குடுக்காம விட்டது தப்பு, அதுமட்டும் குடுக்கணும். மத்தது தள்ளுபடி. ரெண்டாயிரத்து நூத்து நாப்பது ரூபா.

வெளிய வராண்டாவுல வச்சே ஜெபராஜ் எண்ணிக் குடுத்தான். நான் கைய நீட்டினேன். அவன் சீனியம்மா கையில குடுத்தான், கட்டினவங்க அவங்கதானேன்னு. அவளும் இன்னிக்கு வந்திருந்தா. வாங்கினவ, “தம்பி, உங்க ஆபீஸ் போர்டுல அந்தமான்னு போட்டிருக்கீங்களே, அது எப்போ?”ன்னா.

“தை மாசம்மா. அஞ்சு நாள்.”

“அட்வான்ஸ் எவ்வளவு?”

“இப்போதைக்கு ரெண்டாயிரம் கட்டினாப் போதும்மா.”

அந்த ரெண்டாயிரத்த அப்படியே அவன் கையில திருப்பிக் குடுத்துட்டா. மிச்சம் நூத்தி நாப்பத என்கிட்டக் குடுத்து, “பஸ்ஸுக்கு வச்சுக்கோங்க”ன்னா. அந்தமானுக்குக் கப்பல் இருக்கு சீனின்னேன். அது மெட்ராஸ்ல இருந்து போகுது, எனக்குத் தெரியும், நானும் வரலாம்ல. “கப்பல்ல போகவே மூணு நாளாமே. தைக்க வேண்டிய துணி கிடக்கு”ன்னா. கோவம் எல்லாம் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா.

ஜெபராஜ் நோட்ட எடுத்து, “அம்மா, தனி ரூமா, கூட ஆள் போடவா?”ன்னு கேக்கான். யாராவது பொம்பளை ஆள் இருந்தாப் போடுங்க தம்பி, பேச்சுத்துணைக்குங்கிறா. அவன் ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளி. ஃபாரம் எழுதணும்னு அங்க போயிட்டா, அடுத்த பஸ்ல வருவா. நான்தான் வேன் இருக்குன்னு முன்னாடி வந்துட்டேன்.

அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி, வராண்டாவுல வச்சே ஜெபராஜ்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். “தம்பி, ஒருவேளை இவ கடைசி நேரத்துல போகலைன்னு வைங்க. ஏணி வரைக்கும் போயிட்டு, வேணாம்னு இறங்கி வந்துட்டான்னு வைங்க. அப்ப எவ்வளவு திருப்பித் தருவீங்க?”

அவன் என்னைப் பாத்தான், அவளப் பாத்தான். அவதான் சொன்னா, அவனப் பாத்து, என்னைப் பாக்காம.

“நான் போவேன் தம்பி. நீங்க எழுதுங்க.”

நான் சும்மா ரூல்ஸ் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் அண்ணாச்சி. ரூல்ஸுக்காகத்தான் கேட்டேன்.